பார்க்கர் நியமனமும் அதன் பின்விளைவும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் செனெட் சபையார் 1930-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் கூடி, குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் அவர்கள் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகக் குறித்தனுப்பிய ஜான் ஜே. பார்க்கர் என்பாரை, ஆதரவு 39, எதிர்ப்பு 41 என்னும் வாக்குக் கணக்கில் வேண்டாமென்று தள்ளினர். 1894-ஆம் ஆண்டுக்குப் பின் அச்சபை வாக்கெடுத்து அத்தகைய நியமனமொன்றைத் தள்ளியது அதுவே முதன்முறை. அதன் பின்னரும் 1969-ஆம் ஆண்டு வரை அவ்வாறு நேர்ந்ததில்லை. எழுபத்தைந்து ஆண்டுக் காலத்தின் நடுவே தனித்து நிற்கும் இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதியோர் பலர். அவருள் ஒரு சாரார், எதிர்த்தவர்கள் ஆளை அறியாது எதிர்த்து ஏமாந்தனர் என்பர். மற்றொரு சாரார், எளியோர் ஒன்று கூடி வலியோரை வென்றனர் என்பர். இரண்டு கூற்றும் உண்மையின் ஒரு பகுதியையே தொடுகின்றன என்பது நமது துணிபு. அதனை விளக்குதற்கு முதலில் அந்நாட்டு முறையைச் சிறிது கூறுதல் அவசியமாகிறது.

அந்நாட்டின் அரசியற் சட்டப்படி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் குறிப்பிடுகிறார்; ஆனால் செனெட் சபையின் ஆலோசனையும் சம்மதமும் பெற்றாலன்றி அந்நியமனம் செல்லாது. ஒருமுறை அமர்ந்த நீதிபதி, நன்னடத்தையுள்ள வரையில், தம் ஆயுட்காலம் முழுவதும் அவ்வாசனத்தில் இருக்கலாம். தலைவர் நான்கு அல்லது எட்டு ஆண்டில் வீடு செல்வார். அவர் அமர்த்திய நீதிபதியோ முப்பதாண்டு இருந்து, அவர் கொள்கைக்கு நேர்மாறான சட்டசபைகள் இயற்றும் சட்டங்களையும் செல்லாதென்று நீக்கலாம். ஒன்பது பேரே அமரும் அம்மன்றத்தில் ஒரு நாற்காலி காலியானால் நாடு முழுவதும் பரபரப்பு உண்டாவதன் காரணம் இதுவே.

எனினும் நெடுங்காலமாக இப்பரபரப்பு பொது ஜனங்கள் வரையில் எட்டியதில்லை. செனெட் சபையினரை முன்னாளில் மாகாணச் சட்டசபைகளே தெரிந்தெடுத்தன. 1913-ஆம் ஆண்டில் அரசியற் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அவர்கள் குடிகளின் நேர் வாக்கால் வரலாயினர். நியமனங்களைப் பற்றிய விவாதமோ கதவை அடைத்துக்கொண்டு நடத்தப்படுவதே பெரும்பாலும் வழக்கமாயிருந்தது. 1929-ஆம் ஆண்டில்தான் அவ்வழக்கம் மாற்றப்பட்டு, இன்னார் இன்ன பக்கம் வாக்களித்தார் என்பது வெளிப்படையாயிற்று. தம்மைத் தெரிந்தெடுப்பவர் குடிகள். தாம் செய்வதை அக்குடிகள் காண்கின்றனர். இவ்விரண்டும் சேர்ந்தபோது நீதிபதி நியமனம் அரசியற் கிளர்ச்சிக்கு உரிய பொருளாயிற்று. பார்க்கர் அவர்கள் இம்மாறுதலின் வாயிலில் வந்து நின்றார் என்று சொல்லலாம். பத்தாண்டு முன்னதாகக் குறிக்கப்பட்டிருப்பின் அவர் பெயர் ஓசையின்றி நிறைவேறியிருக்கக் கூடும்.

1930-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு பூசல் நிகழ்ந்து முடிந்திருந்தது. தலைமை நீதிபதியாயிருந்த வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் நோயினால் பிப்ரவரியில் விலகவே, ஹூவர் அவ்விடத்துக்குச் சார்லஸ் ஈவான்ஸ் ஹியூஸ் என்பாரைக் குறித்தார். பெருஞ்செல்வரின் வழக்கறிஞராக வாழ்ந்தவர் அவர் என்று நாரிஸ், போரா முதலிய சபையினர் கடிந்துரைத்தனர். ஆயினும் 52-க்கு 26 என்ற கணக்கில் நியமனம் நிறைவேறியது. இருபத்தாறு பேர் மறுத்தது அக்காலத்தில் சிறு தொகையன்று. மார்ச்சு மாதம் 8-ஆம் நாள் டாஃப்ட் இறந்தார். அதே நாளில் அக்கோர்ட்டின் மற்றொரு நீதிபதியாகிய எட்வர்ட் சான்ஃபோர்டும் திடீரென்று இறந்தார். சான்ஃபோர்டு தென்னாட்டவர். ஆகவே அவ்விடத்துக்குத் தென்னாட்டவர் ஒருவரையே நியமித்தல் நன்றென்று கருதி, அம்மாதம் 21-ஆம் நாள் ஹூவர் வடகரோலினா மாகாணத்துப் பார்க்கரைக் குறித்தார்.

பார்க்கருக்கு அப்போது வயது 44. மன்ரோ என்னும் சிற்றூரிற் பிறந்து, தம் மாகாணப் பல்கலைக்கழகத்திற் பயின்று, வழக்கறிஞராகிப் பெயர் பெற்றவர். தென்னாட்டில் குடியரசுக் கட்சி அக்காலத்தில் மிக நலிந்திருந்தது. அக்கட்சியின் அபேட்சகராகவே அவர் மும்முறை தேர்தலில் நின்று மும்முறையும் தோற்றார். 1925 முதல் நான்காவது வட்டார அப்பீல் கோர்ட்டில் நீதிபதியாயிருந்தார். கல்வியிலும் ஒழுக்கத்திலும் அவர்மீது குற்றஞ் சொல்வார் ஒருவருமிலர். இதனை நாம் முதலிலேயே சொல்லி வைக்கிறோம். ஏனெனில் பின்னெழுந்த வழக்கு அவர் தகுதியைப் பற்றியதன்று. தகுதியுடைய ஒருவரை வேறு காரணம் பற்றி விலக்கலாமா என்பதே அவ்வழக்கு.

முதலில் எழுந்த எதிர்ப்பு தொழிலாளருடையது. மேற்கு வர்ஜீனியா மாகாணத்தின் தென்பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் மிகுதி. அச்சுரங்க முதலாளிகள், வேலைக்கு வருவோரிடம், வேலையில் இருக்கும் வரையில் தொழிற்சங்கத்திற் சேர்வதில்லை என்று ஒப்பந்தம் எழுதி வாங்கி வந்தனர். தொழிலாளர் இதனை ‘மஞ்சள் நாய் ஒப்பந்தம்’ என்று வெறுப்போடு வழங்கினர்; கையெழுத்திடுபவன் நாயினுங் கடையனாகிறான் என்பது கருத்து. பசித்தவன் எதிலும் கையெழுத்திடுவான் என்பது முதலாளிகள் அறியாததன்று. அவ்வாறு கையெழுத்திட்டவரிடம் சங்கத்தார் சென்று பேசிச் சேர்க்க முயன்றபோது, ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டுகின்றனர் என்று கம்பெனிகள் வழக்குத் தொடர்ந்து தடையுத்தரவு பெற்றன. ‘ரெட் ஜாக்கெட்’ கம்பெனியின் பெயரால் வழங்கும் அவ்வழக்கில், 1927-ஆம் ஆண்டு அத்தடையுத்தரவை உறுதிப்படுத்தித் தீர்ப்பெழுதியவர் பார்க்கர். சங்கத்தார்க்கு அதனால் நேர்ந்தது யாதெனின், ஒரு பெரிய சுரங்க வட்டாரம் முழுவதிலும் தொழிலாளரை அணுகிப் பேசுதலே குற்றமாயிற்று. அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத் தலைவர் வில்லியம் கிரீன் இக்காரணம் பற்றிச் செனெட்டின் முன் வந்து நியமனத்தை ஆட்சேபித்தார்.

பார்க்கரின் நண்பர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தனர். 1917-ஆம் ஆண்டில் ‘ஹிட்ச்மன்’ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அத்தகைய ஒப்பந்தத்துக்குப் பாதுகாப்பளித்திருந்தது. கீழ்க்கோர்ட்டு நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர். கட்டுப்பட்டு எழுதியதற்காக அவரைப் பழித்தல் தகாது என்றனர். இவ்விடை வலியுள்ளதே. ஆனால் எதிர்த்தோர், பின்வந்த தீர்ப்புகள் சிறிது வழி திறந்திருந்தன என்றும், அவ்வழியே செல்ல விரும்பும் மனப்பான்மையின் அடையாளம் ஒன்றும் அவர் எழுத்திற் காணப்படவில்லை என்றும் கூறினர். முன் தீர்ப்புக்கு நீதிபதி எவ்வளவு கட்டுப்பட்டவர் என்னும் இவ்வினாவை வாசகர் மனத்திற் கொள்வாராக. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் பார்க்கர் இதே வினாவுக்கு வேறொரு விடை கூறினார். அதனைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாவது எதிர்ப்பு எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து எழுந்தது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் 1909-ஆம் ஆண்டில் தோன்றியது. 1930-இல் அதன் தற்காலிகக் காரியதரிசியாயிருந்தவர் வால்ட்டர் ஒயிட். இவர் வெண்ணிற மேனியும் நீலக் கண்ணும் உடையவர். வெள்ளையரென்று சொல்லிக்கொண்டு எங்கும் உலவத் தக்க தோற்றம். ஆயினும் கறுப்பினத்தாராகவே தம்மை எண்ணி வாழ்ந்தார். 1906-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களை வேட்டையாடியபோது பதின்மூன்று வயதுச் சிறுவராய் அதனை நேரிற் கண்டவர். இவரும் இவர் சங்கத்தாரும், பார்க்கர் 1920-ஆம் ஆண்டில் கவர்னர் பதவிக்கு நின்றபோது பேசியதாக அக்காலத்துப் பத்திரிகையொன்றில் வெளிவந்த பேச்சைக் கண்டெடுத்தனர்.

அப்பேச்சின் சாரம் இது: கறுப்பினத்தார் அரசியலிற் புக விரும்பவில்லை; குடியரசுக் கட்சியும் அவர் புகுவதை விரும்பவில்லை; அவர்கள் அரசியலிற் கலப்பது இரு சாராருக்குமே தீங்கு. வடகரோலினாவில் 1900-ஆம் ஆண்டிற் செய்த சட்டத் திருத்தத்தால், எழுத்தறிவுச் சோதனை முதலிய சூழ்ச்சிகளைக் கொண்டு கறுப்பினத்தாரின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்தது. அத்திருத்தத்தைத் தம் கட்சியும் மனமார ஏற்றுக்கொண்டது என்பதும் அப்பேச்சிற் கண்டது. எதிர்க்கட்சியார் ‘நீக்ரோவரின் கட்சி’ என்று தம் கட்சியை இழித்துப் பேசியதற்கு விடையாகவே பார்க்கர் இதனைச் சொன்னார். தேர்தற் கூட்டத்தில் பேசப்பட்டது என்பது உண்மை. ஆனால் நிறம் பற்றி எவருக்கும் வாக்குரிமை மறுக்கலாகாது என்று 1870-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசியற் சட்டம் கூறியிருந்தது. அச்சட்டத்துக்குப் பொருள் கூறும் ஆசனத்திற்கன்றோ இவர் இப்போது வருகிறார்?

சங்கத்தார் உடனே கூக்குரலிடவில்லை. முதலில் பார்க்கருக்கே தந்தி அடித்தனர்: இவ்வாறு தாங்கள் பேசியது உண்மையா? இன்றும் அதுவே தங்கள் கொள்கையா? இரண்டே வினா. அவற்றுக்கு விடை வரவில்லை. இந்த மௌனமே முழு வரலாற்றிலும் முக்கியமான செய்தி என்பது நம் எண்ணம். அரசியலில் அகப்பட்ட மனிதன் கூட்டத்தின் முன் சொல்லிவிட்ட சொல்லைப் பத்தாண்டு கழித்துத் திருத்திக்கொள்ளுதல் அரிதன்று, இழிவுமன்று. ஆனால் தம் உரிமையைக் குறித்து நேரே கேட்ட மக்களுக்கு ஒரு வரியேனும் விடையெழுதாதவர், தம் மன்றத்தின் முன் அவர்கள் வழக்காடி நிற்கும்போது எவ்வாறு செவி கொடுப்பார் என்று அவர்கள் ஐயுற்றது இயல்பே.

ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள் செனெட் நீதிக் கமிட்டியைச் சேர்ந்த உபகமிட்டி சாட்சியங் கேட்டது. கிரீனும் வந்தார், ஒயிட்டும் வந்தார். ஆனால் இருவரும் கைகோத்து வரவில்லை. சம்மேளனத்திற் சேர்ந்திருந்த தொழிற்சங்கங்கள் பல, கறுப்பினத் தொழிலாளரைத் தம் வாயிலில் அண்டவிடாதவை. ஆதலின் அவர்களோடு தோழமை பூண்டதாகத் தோன்றவும் சம்மேளனத்தார்க்கு மனமில்லை. ஒரே மனிதரை எதிர்த்து இருவர் வெவ்வேறு வழியே வந்து வெவ்வேறு வழியே திரும்பினர். இக்காலத்து நூல்கள் சில இதனை மாபெருங் கூட்டணி என்று வருணிப்பதைக் காண நமக்கு வியப்பாயிருக்கிறது.

இதன் பின்னரே கிளர்ச்சி பரவியது. சங்கத்தின் கிளைகள் கூட்டங் கூட்டின. கறுப்பினத்தார் நடத்திய பத்திரிகைகள் நாள்தோறும் இச்செய்தியை எடுத்தெழுதின. சபையினர்க்குத் தந்திகளும் கடிதங்களும் குவிந்தன. தென்னாட்டில் வாக்கிழந்த கறுப்பின மக்கள் பலர் முதல் உலகப்போர்க் காலம் தொடங்கி வடநாட்டுத் தொழில் நகரங்களிற் குடியேறியிருந்தனர். ஒகையோ, இல்லினாய், பென்சில்வேனியா முதலிய மாகாணங்களில் அவர்களுக்கு வாக்கு உண்டு. 1928-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்தார் ஆஸ்கர் டி பிரீஸ்ட் என்னும் கறுப்பினத்தவரைக் காங்கிரசுக்கு அனுப்பியிருந்தனர். அந்நூற்றாண்டு பிறந்த பின் அத்தகைய ஒருவர் அங்கே தெரிந்தெடுக்கப்பட்டது அதுவே முதல். ஆகவே வடநாட்டுச் சபையினர் அத்தந்திகளைப் படியாமல் எறிந்துவிட இயலாதவராயினர்.

ஏப்ரல் பிற்பகுதியில் நீதிக் கமிட்டி 10-க்கு 6 என்ற கணக்கில் நியமனத்துக்கு மாறாக முடிவு செய்தது. கமிட்டியின் தலைவர் நாரிஸ், ஹூவரின் கட்சியைச் சேர்ந்தவரேயாயினும் எதிர்ப்பில் முன்னின்றார். அதன் பின்னரே பார்க்கர் வாய் திறந்தார். தம் மாகாணத்துச் சபையினரான ஓவர்மனுக்கு நீண்ட கடிதமொன்று எழுதி, தொழிலாளர் வழக்கில் தாம் மேற்கோர்ட்டின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதை விளக்கி, கறுப்பினத்தார்மீது தமக்குத் துவேஷம் இல்லையென்றும், அவர் உரிமைகளை அரசியற் சட்டப்படி காப்பதே தம் கடமையென்றும் கூறினார். கடிதம் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஒரு மாதம் முன்னதாக, வினவியவர்க்கே எழுதப்பட்டிருக்குமாயின் வரலாறு வேறாயிருக்குமோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

செனெட்டில் நடந்த விவாதத்தில் வேறொரு செய்தியும் வெளிப்பட்டது. உள்நாட்டு இலாகாவின் உதவி மந்திரியாயிருந்த ஜோசப் டிக்சன், ஹூவரின் காரியதரிசிக்கு எழுதிய கடிதம் ஒன்று அங்கே எடுத்துப் படிக்கப்பட்டது. வடகரோலினா 1928-ஆம் ஆண்டில் ஹூவருக்கு வாக்களித்த மாகாணம். அங்கிருந்து ஒருவரை நியமித்தால் கட்சிக்குப் பெரும் பயன் விளையும் என்பது அக்கடிதத்தின் கருத்து. நீதிபதியைக் குறை கூறுதல் நீதியில் அரசியலைப் புகுத்துவதாகும் என்று பல நாளாக முழங்கி வந்த ஆதரவாளர்க்கு இக்கடிதம் பேரிடியாயிற்று. அரசியலை முதலிற் புகுத்தியவர் யார் என்னும் வினாவுக்கு அவர்களிடம் விடையில்லை. நியமிக்குங்கால் தலைவர் அரசியற் பயனை எண்ணலாம், சம்மதிக்குங்கால் சபையினர் எண்ணலாகாது என்பது ஒப்புக்கொள்ளத்தக்க நியாயமன்று.

வாக்கெடுப்பில் இரு கட்சியினரும் இரு பக்கமும் பிரிந்தனர். ஹூவரின் கட்சியினர் பலர் எதிர்த்து வாக்களித்தனர். தென்னாட்டு ஜனநாயகக் கட்சியினருள்ளும் எதிர்த்தோர் உண்டு. கறுப்பின மக்கள்மீது கொண்ட அன்பினால் அவர்கள் எதிர்த்தனர் என்று எண்ணற்க. குடியரசுக் கட்சி தென்னாட்டில் வேரூன்றுவதை அவர்கள் அஞ்சினர். இரண்டு வாக்கு வேற்றுமையில் முடிந்த காரியத்தில், இன்ன காரணமே வென்றதென்று தனித்துச் சொல்லுதல் எவர்க்கும் இயலாது. தொழிலாளர் எதிர்ப்பு மட்டும் இருந்திருந்தால் நியமனம் நிறைவேறியிருக்கலாம். கறுப்பினத்தார் எதிர்ப்பு மட்டும் இருந்திருந்தாலும் அவ்வாறே.

ஆனால் ஒயிட்டும் அவர் சங்கத்தாரும் அதோடு நிற்கவில்லை. அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில், பார்க்கருக்கு வாக்களித்த சபையினரை எதிர்த்து வேலை செய்தனர். கான்சஸ் மாகாணத்து ஹென்றி ஆலனும் ஒகையோ மாகாணத்து ராஸ்கோ மக்கல்லக்கும் தோற்றனர். பொருளாதார மந்தமும் மதுவிலக்குப் பிணக்கும் அத்தோல்விகளுக்குப் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் லிங்கனின் கட்சி என்று அறுபதாண்டாகக் கண்மூடி வாக்களித்து வந்த மக்கள், அக்கட்சியாரைத் தோற்கடிக்கவும் நமக்கு உரிமை உண்டு என்று கண்டது அப்போதுதான்.

இனி, தள்ளப்பட்டவரின் இடத்துக்கு வந்தவரைப் பார்ப்போம். மே மாதம் 9-ஆம் நாள் ஹூவர் பிலடெல்பியா நகரத்து வழக்கறிஞர் ஓவன் ராபர்ட்ஸைக் குறித்தார். அம்மாதம் 20-ஆம் நாள் செனெட் தனித்தனி வாக்குக் கணக்கெடாமலே சம்மதித்தது. முந்திய பூசலிற் களைத்தவர்கள் இவரை வினவுவதற்கு ஒன்றும் தேடவில்லை போலும். வினவாமல் ஏற்ற ராபர்ட்ஸ் பதினைந்து ஆண்டு அம்மன்றத்தில் இருந்தார். 1935-ஆம் ஆண்டில், டெக்ஸாஸ் மாகாணத்து ஜனநாயகக் கட்சி தன் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர்க்கே இடமளிக்கலாம், கட்சி தனியார் சங்கம் போன்றது என்று மன்றம் ஒருமனதாய்த் தீர்த்தது. அதனை எழுதியவர் ராபர்ட்ஸ். தென்னாட்டில் முதனிலைத் தேர்தலில் வென்றவரே பொதுத் தேர்தலிலும் வெல்வர்; ஆகையால் அது கறுப்பினத்தாரின் வாக்கை வேரோடு அறுத்த தீர்ப்பு. 1944-ஆம் ஆண்டில் மன்றம் அத்தீர்ப்பை மாற்றியபோது, எட்டுப் பேருக்கு எதிராய்த் தனித்து நின்று மறுத்தவரும் ராபர்ட்ஸே. மன்றத்தின் தீர்ப்புகள் இன்றைய வண்டிக்கு மட்டும் செல்லும் ரயில் டிக்கெட்டுப் போலாகிவிட்டன என்று அவர் நொந்துரைத்தார்.

எனினும் ராபர்ட்ஸைக் கொடியவரென்று ஒரு சொல்லில் முடித்தல் பொருந்தாது. ஜார்ஜியா மாகாணத்தில் வேலையற்றோரைத் திரட்டியதற்காகக் கடுஞ்சிறை விதிக்கப்பட்ட ஏஞ்சலோ ஹெர்ன்டன் என்னும் கறுப்பின இளைஞரை 1937-இல் விடுவித்த தீர்ப்பும் அவருடையதே. அவ்வாண்டில்தான் பெண்களின் குறைந்த கூலிச் சட்டம் செல்லுமென்று 5-க்கு 4 ஆக மன்றம் தீர்த்தது. முந்திய ஆண்டில் எதிர்ப்பக்கம் நின்ற ராபர்ட்ஸ் இம்முறை இப்பக்கம் சேர்ந்ததே அதற்குக் காரணம். யுத்த காலத்தில் ஜப்பானிய வமிசத்தாரை வீடு விட்டு அகற்றியது தகாதென்று 1944-இல் மறுத்துரைத்த மூவருள்ளும் அவர் ஒருவர்.

பார்க்கரோ தம் பழைய ஆசனத்திலேயே இருந்தார். மனக்கசப்பை வெளியிற் காட்டிக்கொள்ளவில்லை. 1940-ஆம் ஆண்டில், நார்ஃபோக் நகரத்துக் கறுப்பின ஆசிரியர்க்கு வெள்ளை ஆசிரியரினும் குறைந்த சம்பளம் கொடுப்பது சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார். தொழில் ஒன்று, தகுதி ஒன்று, கூலி மட்டும் தோலின் நிறத்துக்கேற்ப வேறு என்பது செல்லாதென்ற அத்தீர்ப்பு தென்னாட்டு ஆசிரியர் பலருக்கு வாழ்வளித்தது. 1942-இல் மேற்கு வர்ஜீனியாவில், கொடிக்கு வணக்கஞ் செய்தல் தம் சமயத்துக்கு மாறென்று மறுத்த யெகோவா சாட்சிகளின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கினர். சுப்ரீம் கோர்ட்டு இரண்டு ஆண்டு முன்னரே அத்தகைய விலக்கு செல்லுமென்று தீர்த்திருந்தது. பார்க்கர் அத்தீர்ப்பைப் பின்பற்ற மறுத்து, பிள்ளைகளின் மனச்சாட்சிக்கு இடமளித்து எழுதினார். முன் தீர்ப்புக்குத் தாம் கட்டுப்பட்டவர் என்று 1930-இல் சொன்னவர் இவரே! 1943-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர் தீர்ப்பை உறுதிப்படுத்தியபோது, பழைய கொள்கையை விடாது மறுத்த மூவருள் ராபர்ட்ஸ் ஒருவர்.

1947-ஆம் ஆண்டின் வழக்கு இன்னும் வியக்கத்தக்கது. சுப்ரீம் கோர்ட்டின் 1944-ஆம் ஆண்டுத் தீர்ப்பினின்று தப்புவதற்காகத் தென்கரோலினா மாகாணத்தார் முதனிலைத் தேர்தலைப் பற்றிய சட்டங்கள் யாவற்றையும் நீக்கிவிட்டு, இனி எங்கள் கட்சி வெறுங் கிளப்பைப் போன்றது, யாரை வேண்டுமாயினும் சேர்ப்போம், விலக்குவோம் என்றனர். இச்சூழ்ச்சி செல்லாதென்று ஜில்லா நீதிபதி வேரிங் தீர்த்ததை அப்பீலில் உறுதிப்படுத்தி எழுதியவர் பார்க்கர். கறுப்பினத்தார் அரசியலிற் கலப்பது தீங்கென்று 1920-இல் மேடையேறிச் சொன்னவர், 1947-இல் அவர்க்கு வாக்குச் சாவடியின் கதவைத் திறந்துவிட்டார். ஒயிட் தாமும் தம் சுயசரிதையில், தள்ளப்பட்ட பின் பார்க்கர் அளித்த தீர்ப்புகள் குறை சொல்லற்கிடமற்றவை என்று மனந்திறந்து எழுதினார்.

இவற்றைக் கொண்டே, 1930-இல் எதிர்த்தவர்கள் நல்லவரைத் தள்ளி அல்லவரைக் கொண்டனர் என்பர் ஒரு சாரார். நாம் அதற்கு உடன்படோம். எதிர்த்தவர்கள் சோதிடர் அல்லர். அவர்முன் இருந்தவை ஒரு பேச்சு, ஒரு தீர்ப்பு, விடையில்லாத ஒரு தந்தி, இம்மூன்றே. ஆயுள் முழுவதற்கும் அதிகாரம் கொடுக்கும் முன், கொடுப்பவர் கையிலுள்ள சான்றை வைத்தே தீர்மானித்தல் வேண்டும். பின்னர் வரும் நற்செயலை முன்னரே காணும் கண் ஒருவர்க்கும் இல்லை. அஃதன்றியும், தள்ளப்பட்டதனால் பார்க்கர் திருந்தினாரா, இயல்பிலேயே அவர் அத்தகையவரா என்பதைப் பிரித்தறியவும் வழியில்லை. ஒருவேளை அப்பெரிய ஆசனத்தில் எளிதில் ஏறியிருந்தால், தம் பழைய சொல்லை மீண்டும் எண்ணிப் பார்க்கும் தேவையே அவருக்கு நேர்ந்திராது. இவ்விடத்தில் உறுதியாக நாம் சொல்லத்தக்கது ஒன்றுண்டு: யாரைப் பற்றி அப்பேச்சு பேசப்பட்டதோ அம்மக்களே எழுந்து, இவர் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டனர், அக்கேள்வியை நாட்டின் மேற்சபை செவிமடுத்தது.

தொழிலாளர் குறையும் ஒருவாறு தீர்ந்தது. 1932-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அதே நாரிஸும் லகுவார்டியா என்பாரும் கொணர்ந்த சட்டம் மஞ்சள் நாய் ஒப்பந்தங்களைக் கூட்டாட்சிக் கோர்ட்டுகள் நிறைவேற்றலாகாதென்று விதித்தது. அதிற் கையெழுத்திட்டவர் ஹூவர்.

பார்க்கரின் வரலாறு 1947-உடன் முடிந்திருந்தால் கதை சொல்வோர்க்கு எளிதாயிருக்கும். அவ்வாறு முடியவில்லை. நியூரம்பர்க் நகரில் நாஜித் தலைவரை விசாரித்த மன்றத்தில் மாற்று நீதிபதியாயிருந்து திரும்பிய அவர் முன், 1951-ஆம் ஆண்டில் தென்கரோலினாவின் கிளாரெண்டன் ஜில்லாக் கறுப்பினப் பெற்றோர் வந்து நின்றனர். தம் பிள்ளைகள் பள்ளி செல்ல ஒரு பஸ் வேண்டுமென்று தொடங்கிய அவர்தம் கோரிக்கை, தனிப் பள்ளி முறையே தகாதென்னும் வழக்காக வளர்ந்திருந்தது. மூன்று நீதிபதிகள் விசாரித்தனர். பள்ளிகளைச் சமமாக்குக, ஆனால் தனித்தனியே வைக்கலாம் என்று பார்க்கரும் மற்றொருவரும் தீர்த்தனர். வேரிங் மட்டும் மறுத்தெழுதினார். 1954-இல் சுப்ரீம் கோர்ட்டு வேரிங்கின் பக்கமே நின்று, நிறம் பற்றிப் பள்ளிகளைப் பிரித்தல் செல்லாதென்று ஒருமனதாய்த் தீர்த்தது. வழக்கு மறுபடியும் பார்க்கரின் மன்றத்துக்கு வந்தது. 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அம்மன்றம் வெளியிட்ட உத்தரவில், அரசியற் சட்டம் வேற்றுமை காட்டுதலைத் தடுக்கிறதேயன்றி இரு சாராரையும் ஒன்று சேர்க்கக் கட்டளையிடவில்லை என்று கண்டிருந்தது. பார்க்கர் 1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் காலமானார். அவர் இறந்த பின்னரும், 1960-க்குப் பிற்பட்ட ஆண்டுகள் வரையில், தென்னாட்டுப் பள்ளி அதிகாரிகள் தம் வாயிலில் நின்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கு அவ்வாக்கியத்தையே விடையாகக் காட்டி வந்தனர்.